தொழில் கேள்வி பதில்: மூடியது தெரியும், ஏன் மூடினோம்?

கேள்வி: ஃப்ரோசன் உணவு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பக் கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிறேன். 2022 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிர்பதனக் கிடங்கை மூடிவிட்டு, சரக்கை எல்லாம் டர்பனுக்குக் கொண்டுவந்தோம். அதைத் திரும்பத் திறக்கலாம் என்கிறார் புதிதாக வந்த இயக்குநர். அன்று ஏன் மூடினோம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மினிட்ஸில் (இயக்குநர் கூட்டப் பதிவில்) 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரே வரிதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அந்த ஒரு வரி சட்டத்துக்குப் போதும். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, தீர்மானத்துக்குத் தேதியும் தொடர் எண்ணும் கேட்கிறதே தவிர, காரணத்தைக் கேட்பதில்லை. காரணம் உங்களுக்குத்தான் வேண்டும்.

முதலில் பழையதைத் தோண்டுங்கள். அந்த இரண்டு மூன்று மாதத்து மின்னஞ்சல்கள், டீசல் பில், ஜெனரேட்டர் விலைப்புள்ளி, கிடங்கு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுங்கள். முடிவில் பங்கெடுத்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் பெரியவர் சொல்வதே எல்லாருடைய ஞாபகமும் ஆகிவிடும். கிடைத்த ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் 'காகிதம் உண்டு', 'ஞாபகம்', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். தலைப்பில் 'பின்னால் எழுதியது' என்று இன்றைய தேதியைப் போடுங்கள். அன்றே எழுதியதுபோல் ஜோடித்தால் அடுத்து வருபவர் ஏமாறுவார்.

தேதியையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் மாநகராட்சிப் பகுதிக்கு லோட் ஷெடிங்கிலிருந்து (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டிலிருந்து) சில மாதம் விலக்கு இருந்தது. ஜூனில் கணக்குப் போட்டவர் கண்ணுக்கு டர்பன் கிடங்குக்கு டீசல் செலவே இல்லாததுபோலத் தெரிந்திருக்கும். விலக்கு தற்காலிகம் என்பதைக் கணக்கில் சேர்த்தார்களா? மினிட்ஸ் வாய் திறக்காத இடம் இதுதான். அன்றே ஒரு பக்கம் முடிவுக் குறிப்பு எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும் (விவரம் மாதிரிக்கு, 'மு' என்றால் முடிவு):

மு-07. நிலை: நடப்பில்.
பிரச்சினை: இரண்டு கிடங்குக்கும் ஜெனரேட்டர் வாங்கப் பணமில்லை.
நம்பியவை: டர்பனுக்கு மின்வெட்டு விலக்கு (தற்காலிகம், மாநகராட்சி அறிவிப்பு), வாடகை ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது.
பார்த்த வழிகள்: இரண்டையும் வைத்திருப்பது, ஒன்றை மூடுவது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேறொருவர் கிடங்கில் இடம் பிடிப்பது.
தள்ளியதன் காரணம்: வேறொருவர் கிடங்கில் வெப்பநிலைப் பதிவு நம் கையில் இராது.
மாற்றுக் கருத்து: விற்பனைப் பிரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக் கடைகளுக்கு டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போகும்.
திரும்பப் பார்க்க: ஆறு மாதம் தொடர்ந்து லோட் ஷெடிங் இல்லாவிட்டால், அல்லது டெலிவரிப் புகார் மாதம் 20-ஐத் தாண்டினால். கவனிப்பவர்: கணக்குப் பிரிவு.

கடைசி வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 'கரண்ட் நிலைமை சரியானதும் பார்ப்போம்' என்று எழுதினால் அது யார் தலையிலும் விழாது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் லோட் ஷெடிங்கே இல்லை. 2025 ஜனவரி முடிவில் மறுபடி தலைகாட்டியது. 'ஆறு மாதம்' என்று எழுதிவைத்திருந்தால் 2024 செப்டம்பர் கடைசியிலேயே பேச்சு எழுந்திருக்கும். திறப்பதா வேண்டாமா என்பது வேறு விஷயம்.

கேள்வி: எங்களிடம் பிசினஸ் ஆர்க்கிடெக்சர் வரைபடம் (கம்பெனியின் வேலைகளைப் பிரித்துக் காட்டும் படம்) இருக்கிறது. முடிவுக் குறிப்பு தனியாக வேண்டுமா? எல்லா முடிவுக்குமா?
- வாசகி, டொங்காட்

பதில்: வேண்டும். கொள்முதல், சேமிப்பு, விநியோகம், வசூல் என்று வரைபடத்தில் பெட்டிகள் இருக்கும். அந்தப் பெட்டி ஏன் அங்கே நிற்கிறது என்பது இராது. குறிப்பின் எண்ணைப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். 'சேமிப்பு' மேல் கை வைக்க வருபவர் மு-07-ஐப் படித்துவிட்டு வருவார்.

எல்லாவற்றுக்கும் எழுதினால் இரண்டாம் மாதமே நின்றுவிடும். இரண்டு பிரிவுகளைத் தொடுவதா, பின்வாங்கினால் பணம் போகுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் எழுதுங்கள். நடுத்தர நிறுவனத்துக்கு ஆண்டுக்கு பத்துப் பன்னிரண்டு தேறும். முடிவெடுத்த வாரத்துக்குள், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதுவது கூட்டத்தில் இருந்த ஒருவர், சரிபார்ப்பது எதிர்த்துப் பேசியவர். வாட்ஸ்அப்பில் முடிவானால் அந்த உரையாடலைப் படம் பிடித்து வைப்பது குறிப்பாகாது. தள்ளிய வழிகள் அதில் இருப்பதே இல்லை.

முடிவு மாறினால் பழைய பக்கத்தைத் திருத்தாதீர்கள். நிலையை மட்டும் 'மு-19-ஆல் மாற்றப்பட்டது' என்று மாற்றிவிட்டு, மு-19-ஐப் புதிதாக எழுதுங்கள்.

கேள்வி: இப்படி எழுதிவைத்தால் நாளைக்கு வழக்கு வந்தால் நமக்கே வினையாகாதா?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பெரும்பாலும் நேர்மாறு. முதல் பதிலில் சொன்ன கம்பெனிச் சட்டத்தின் 76(4) பிரிவு, இயக்குநர் விவரம் அறிய முயன்றாரா, சொந்தப் பண ஆதாயம் இல்லையா அல்லது அதை முறைப்படி வெளியே சொன்னாரா, கம்பெனிக்கு நல்லது என்று நம்ப நியாயமான அடிப்படை இருந்ததா என்று பார்க்கிறது. இவை இருந்தால், முடிவு தோற்றாலும் இயக்குநருக்குப் பாதுகாப்பு உண்டு. அவற்றைக் காட்ட அன்றே எழுதிய பக்கத்தைவிட நல்ல சான்று கிடைப்பது கஷ்டம். ஆனால் வழக்கறிஞர் கடிதத்தை அதில் ஒட்டாதீர்கள். 'சட்ட ஆலோசனை பெறப்பட்டது', தேதி, போதும். ஊழியர் பெயர், சம்பளம், உடல்நிலை எதுவும் வேண்டாம். குறைந்தது ஏழு ஆண்டு, மினிட்ஸோடு சேர்த்தே வையுங்கள்.