கட்டுரை நோட்டும் க்யூஆர் கோடும்: கேட்டவர்களுக்குப் பதில்

பிள்ளைகள் எழுதும் கட்டுரையை க்யூஆர் கோடாக்கிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள் என்று சொல்லிவருகிறேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

பாடப்புத்தகத்திலேயே கோடு இருக்கிறதே சார், தனியாக எதற்கு?
தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் இருக்கும் கோடு, பிள்ளைகள் பார்ப்பதற்கு. நான் சொல்வது, பிள்ளை எழுதியதை ஊர் பார்ப்பதற்கு.

எங்கள் பள்ளியில் நெட் கிடையாது.
வேண்டவே வேண்டாம் டீச்சர். கோட்டுக்குள் லிங்க்தான் இருக்க வேண்டும் என்றில்லை, எழுத்தையே வைக்கலாம். ஒரு கோடு அதிகபட்சம் 2,953 பைட் (கணினி எழுத்தை அளக்கும் அலகு) தாங்கும். யூனிகோடு தமிழில் 'அ' 3 பைட், 'கி' 6 பைட், 'அம்மா' 15 பைட். முழுக்கத் திணித்தால் கட்டங்கள் பொடியாகி, பழைய போன் திணறும். ஏழெட்டு வரியோடு நிறுத்துங்கள். அந்த அளவுக்குள் அடக்கத்தான் பிள்ளைகள் அடித்துத் திருத்தி எழுதுவார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 'சத்துணவு சாம்பாரில் பருப்பைத் தேடிய கதை' எழுதினான். கூடத்துச் சுவரிலேயே ஒட்டினோம். சமைக்கிற அக்கா ஸ்கேன் செய்து படித்துவிட்டு, "நாளைக்கு வந்து எண்ணிப் பாருடா" என்று கீழே பென்சிலால் எழுதிவிட்டார். மறுநாள் வகுப்பே பேப்பர் கேட்டது.

கோடு தயாரிக்க எந்த வெப்சைட் நல்லது?
எதுவானாலும் 'ஸ்டாட்டிக்' கோடா, அதாவது எழுத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கோடா என்று பாருங்கள். 'டைனமிக்' கோடு அந்தக் கம்பெனி வழியாகத்தான் திறக்கும். இலவசக் காலம் முடிந்தால் சுவரில் வெறும் கறுப்புக் கட்டம்தான். பிள்ளையின் பெயர், போட்டோ, போன் நம்பர் உள்ளே வேண்டாம்.

லேமினேட் செய்தோம், ஸ்கேன் ஆகவில்லை.
வெள்ளை ஓரத்தை வெட்டியிருப்பீர்கள். சுற்றிலும் நாலு கட்ட அகலம் வெள்ளை விடுங்கள். ஜன்னலுக்கு எதிரே ஒட்டாதீர்கள்.

நல்ல சைட் சொல்லுங்க சார்.
மேலே இருக்கிறது.

(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்) இது வேடிக்கை. கையெழுத்து என்ன ஆவது?
முதல் படி நோட்டில்தான் ஐயா, பேனாவில். திருத்தி முடித்த பிறகுதான் டைப்பிங்.

அப்படியானால் நோட்டையே சுவரில் மாட்டலாமே?
மாட்டிப் பார்த்தோம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். பூட்டிய பெட்டி என்றால் திறந்து பார்க்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஆர்வம் எத்தனை நாளைக்கு?
ரொம்ப நாள் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் தொங்கவிடச் சொல்கிறேன். படித்தவர் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனால், அடுத்த கட்டுரையை நாம் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தாள் இல்லையென்றால் நீங்கள் சொல்வதே சரி ஐயா.

பணம் அனுப்பும் ஆப்பில் ஸ்கேன் செய்தால் வரவில்லையே?
அதில் வராது. கேமராவில் பாருங்கள்.

டைனமிக் கோடு இலவசம் என்று போட்டிருக்கிறதே?
வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

பத்தாம் வகுப்பு மார்க் ஏறுமா?
அதற்கு என்னிடம் வராதீர்கள்.