பாடம் செய்த பறவைகள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த பட்டாம்பூச்சிகளும் பறவை முட்டைகளும் பாடம் செய்த பறவைகளும் அங்கே இரண்டு அறைகளை நிறைத்திருக்கின்றன. பலவும் நிறம் வெளுத்துவிட்டன. இத்தனை உயிர்களைக் கொன்று சேர்த்ததே தவறு என்று படுகிறது. நல்ல புகைப்படங்களை எடுத்துக்கொண்டு இவற்றை அப்புறப்படுத்திவிட்டால் என்ன?

– வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொன்றது குறித்த உங்கள் வருத்தம் நியாயமானது. அழகுக்காகக் கூட்டிலிருந்து முட்டை எடுப்பது இன்று பல நாடுகளில் குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எடுத்தவற்றை இப்போது தூக்கி எறிவதால் அந்த உயிர்கள் மீளப்போவதில்லை. அவை சொல்லக்கூடிய சாட்சியம்தான் அழியும்.

புகைப்படத்தை எடை போட முடியாது. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த பொரி வல்லூறு முட்டை ஓடுகளை எடை போட்டு, ஓட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1947ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஓடுகளின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அடைகாக்கும் பறவையின் எடையைத் தாங்காமல் முட்டைகள் ஏன் உடைந்தன என்பதும், அதற்கும் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கும் என்ன தொடர்பு என்பதும் இந்த வழியில்தான் துலங்கின. சிறு துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றிய வெற்று ஓடுகள்தாம் அவை. சேர்த்தவர்கள் எவரும் பூச்சிக்கொல்லியைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றோடும் தேதி இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

எனவே என் அக்கறை நிறத்தைவிடச் சீட்டின் மீதுதான். பூச்சியைக் குத்திய ஊசியிலேயே, அதற்குக் கீழே, விரல் நகத்தளவு தாளில் இடம், தேதி, சேகரித்தவர் பெயர் ஆகியவை பொடி எழுத்தில் இருக்கும். அது கழன்றுவிட்டால் எஞ்சுவது அலங்காரப் பொருள். அது பொய்யாக இருந்தாலோ தீங்கு இன்னும் பெரிது. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற புகழ்பெற்ற சேகரிப்பாளர், பிறர் பாடம் செய்த பறவைகளை எடுத்து, இடத்தையும் தேதியையும் மாற்றித் தம் பெயரில் சீட்டுக் கட்டினார். இந்தியாவின் ஃபாரஸ்ட் ஆவ்லெட் என்னும் சிற்றாந்தையை 1914இல் குஜராத்தில் பிடித்ததாக அவர் எழுதியது, பின்னால் தேடியவர்களைத் திசைதிருப்பியது. அது உண்மையில் 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த பறவை என்று பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் கண்டறிந்தார். நம்பத்தக்க பழைய சீட்டுகள் காட்டிய பக்கம் அவரும் நண்பர்களும் தேடிச் சென்றபோது, 1997இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு காணக் கிடைத்தது.

சிற்றூர் என்பதும் குறையன்று. வால்டர் ரோத்ஸ்சைல்ட் 1892இல் பொதுமக்களுக்குத் திறந்த அருங்காட்சியகம் இங்கிலாந்தின் ட்ரிங் என்ற சிறிய ஊரில்தான் இருக்கிறது; லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பும் இன்று அந்த ஊரில்தான் உள்ளது.

புகைப்படம் எடுக்கும் யோசனையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பறவையோடு சீட்டின் இருபுறமும் தெளிவாக விழ வேண்டும். மீண்டும் அங்கே சென்றால், ஊசிக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டுப்புழு அரிக்கிறது என்று பொருள். பொறுப்பாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். பாடம் செய்த பழைய தோல்களில் ஆர்சனிக் என்ற நஞ்சைப் பூசியிருப்பார்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். சேகரித்தவரின் நாட்குறிப்புகள் அங்கே இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். குடும்பத்தார் வீட்டில் இருந்தால், அவை பழைய தாளோடு சேர்ந்து எடைக்குப் போவதற்குள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர உங்களால் ஆன முயற்சியைச் செய்யுங்கள்.

அன்புடன்.