புது சொகுசு செடான்: ஷோரூம் வாசலைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி – பதில்

பி.எம்.டபிள்யூ 3 சீரீஸ் நீள வண்டி, பென்ஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4 மூணையும் பார்த்தோமுங்க. ஓட்டிப் பார்க்க இருபது நிமிஷந்தான் தர்றாங்க. அதுக்குள்ள எதைப் பார்க்கிறதுங்க?
– பல்லடம் வாசகர்

இருபது நிமிடம் போதும். எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் கோவை அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் ஏற்றினால் எந்த வண்டியும் பட்டுப்போலத்தான் போகும். அங்கே கண்ணாடியோரக் காற்றுச் சத்தத்தையும் டயர் இரைச்சலையும் மட்டும் கவனியுங்கள். பாலத்தை விட்டு இறங்கி, ஒட்டுப்போட்ட ஒரு உள்ரோட்டில் 30–40 கிலோமீட்டர் வேகத்தில் போனால்தான் சஸ்பென்ஷனின் குணம் தெரியும். பெரிய பள்ளத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும் வண்டிகூட, சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் பின்சீட்டை ஓயாமல் அதிரவைக்கும். அந்த நேரம் நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுவதற்கு வீட்டில் இன்னொருவரைக் கூட்டிப் போங்கள்.

நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். ஏ4-இல் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. 3 சீரீஸில் எட்டு, சி-கிளாஸில் ஒன்பது கியர். இரண்டும் கிளட்ச்சுக்குப் பதில் திரவம் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. நகர்ந்து நின்று நகரும்போது இரட்டைக் கிளட்ச் லேசாக இழுத்து விடுவதுபோல் தோன்றலாம், அது பழுதல்ல. ஷோரூம் சாய்தளத்தில் மெதுவாக ரிவர்ஸ் ஏற்றினால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஏ.சி.யை மதிய வெயிலில் சோதியுங்கள். அரைமணி நேரம் வெயிலில் நின்ற வண்டியாக இருக்கட்டும்; பின்சீட்டுக் காற்று எப்போது குளிர்கிறது என்று பாருங்கள். ஏ4-இல் ஏ.சி.க்குத் தனிப் பொத்தான்கள் உண்டு. சி-கிளாஸிலும், வளைந்த திரை வந்த பிறகு 3 சீரீஸிலும், குளிரைக் கூட்டிக் குறைக்கத் திரையைத் தொட வேண்டும். ஓடும் வண்டியில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதைச் செய்ய முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: ஓட்டக் கொடுத்த வண்டியின் டயர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் புக் செய்யும் வேரியன்ட்டுக்கு வேறு அளவு வந்தால், அன்று பார்த்த சொகுசு உங்கள் வண்டியில் இருக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலிங்க. பின்சீட்டு எந்த வண்டியில நல்லாருக்குங்க?
– திருப்பூர் வாசகர்

கால் நீட்டும் இடத்தில் 3 சீரீஸ் நீள வண்டி முன்னால் நிற்கிறது. அதன் முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே 2,961 மி.மீ.; சாதா 3 சீரீஸைவிட 110 மி.மீ. கூடுதல். சி-கிளாஸில் 2,865, ஏ4-இல் சுமார் 2,820.

ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அந்த நீளம் பெரிதாக உதவாது. சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, எழும்போது பிடிக்க வாகாக ஏதாவது இருக்கிறதா: இவைதான் கணக்கு. முன்சீட்டை உங்கள் டிரைவரின் அளவுக்கு முதலில் நகர்த்தி வைத்துவிட்டு, அம்மாவை நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். நான்காவது முறைதான் உண்மை தெரியும். நடுவில் மூன்றாவது ஆள் உட்காருவதை மறந்துவிடுங்கள், மூன்று வண்டியிலும் தரையின் நடுவே மேடு இருக்கிறது. இன்னோவா ஏறிப் பழகியவர் என்றால், இந்த ரகத்தில் எந்த செடானும் அவருக்குத் தாழ்வுதான். வலி அதிகமென்றால் செடானை விட்டுவிட்டு உயரமான வண்டி பாருங்கள்.

எங்க தோட்டத்துக்கு மெயின் ரோட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள வரணுங்க. வழியில மூணு வேகத்தடை, அப்புறம் ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண்பாதை, இட்டேரி. அடி இடிக்குமாங்க?
– காங்கேயம் வாசகர்

இடிக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே அளந்துவிடலாம்.

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டிருந்தால் இந்தக் கார்கள் சிரமமின்றித் தாண்டும். ஊர்களில் போடுவது ஒரு முழ அகலத்தில் கூர்மையாக நிற்கும். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறும் முன், வயிற்றுப் பகுதி அதன் தலைக்கு நேராக வரும்போது இடிக்கிறது. அச்சு இடைவெளி கூடக்கூட இந்த ஆபத்து கூடும். காரின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 140 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், மேட்டைத் தாண்டும் கோணம் (இது குறைந்தால் வயிறு இடிக்கும்) சாதா 3 சீரீஸில் சுமார் 11.2 பாகை, நீள வண்டியில் 10.8. வித்தியாசம் சிறிதுதான். அதைவிடப் பெரிய வித்தியாசத்தை ஆள் பாரம் உண்டாக்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டி சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். புத்தகத்தில் போட்ட அளவு பெரும்பாலும் காலி வண்டிக்கானது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூன்று மீட்டர் நேரான அலுமினியக் குழாய் ஒன்றை வேகத்தடையின் தலைமேல், ரோட்டின் போக்கில், மட்டமாக வையுங்கள். அதன் இரு முனைகளும் ரோட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் ஐந்து பேரை உட்காரவைத்து, காரின் அடியில் ஆகத் தாழ்ந்த இடத்தை அளக்க வேண்டும். கதவுக்குக் கீழ் விளிம்பை அளப்பது தப்பு. இன்ஜினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டும் சைலன்சர் குழாயும்தான் முதலில் உரசும். உங்கள் வேகத்தடை அளவுக்கு மேல் இரண்டு விரற்கடையாவது மிச்சம் இருக்க வேண்டும். முடிந்தால் ஓட்டிப் பார்க்கும் வண்டியைத் தோட்டம் வரை கொண்டு வரச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை விலைக்கு வாங்குபவர் கேட்பதில் தப்பே இல்லை.

தாண்டும் முறையும் உண்டு. மேட்டின் முன்பே நடை வேகத்துக்குக் குறைத்து, சக்கரம் ஏறும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் மிதித்தபடி ஏறினால் மூக்கு தாழும். பின்னால் பைக் வரவில்லை என்று பார்த்துச் சாய்வாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள். இட்டேரியில் வண்டிச் சக்கரத் தடம் ஆழமாக இருந்தால் அதற்குள் இறங்காமல், நடுமேட்டின் மீது ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி ஓட்டுங்கள்.

உரசினால் அடித்தட்டின் கிளிப் கழன்று தட்டு தொங்கும். தரையில் இழுபடும் சத்தம் கேட்டால் நிறுத்திப் பாருங்கள். பலமாக இடித்து ஆயில் சட்டி விரிசல் விட்டிருந்து, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ‘ஒர்க்ஷாப் வரைக்கும் ஓட்டிடலாம்’ என்று போனால் இன்ஜினே போய்விடும்.

ஸ்டெப்னி இல்லாத ரன்-ஃபிளாட் டயர்னு சொல்றாங்க. வால்பாறை போய்ட்டு வர்றதுக்கு நம்பலாமுங்களா?
– பொள்ளாச்சி வாசகர்

ஆணி ஏறினால் நம்பலாம். இந்த டயரின் பக்கச்சுவர் தடிமன். காற்று முழுதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இறங்கி வந்துவிடலாம்.

பக்கச்சுவர் கிழிந்தால் எந்த ரன்-ஃபிளாட்டும் உதவாது. 225/45 ஆர்18 டயரில் (225 மி.மீ. அகலம், அதில் 45 சதவீதம் பக்கச்சுவர், 18 அங்குல ரிம்) பக்கச்சுவரின் உயரம் வெறும் 101 மி.மீ.; 225/50 ஆர்17-இல் 112. பள்ளத்தின் விளிம்பில் வேகமாக அடித்தால் டயர் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கி, உள்நூல் அறுந்து வீங்கும். வீங்கிய டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதே அச்சில் உள்ள இன்னொன்றும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். 18 அங்குலத்தைவிட 17 அங்குலம் கிடைக்கும் வேரியன்ட் இருந்தால் நம் ரோட்டுக்கு அதையே எடுங்கள். பார்க்கக் கொஞ்சம் மெலிவாகத் தெரியும், முதுகு நன்றி சொல்லும்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆழியாறிலிருந்து ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கியரை ‘டி’யிலேயே விடாதீர்கள். மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டு அல்லது மூன்றாம் கியரில் இன்ஜின் பிடிமானத்தில் இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். தொடர்ந்து தடவிக்கொண்டே வந்தால் சூடேறி, மிதி மெத்தென்று இறங்கும்.

தினமும் ஈரோட்டுக்குள்ளயே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானுங்க ஓட்டம். டீசல் எடுக்கலாமுங்களா?
– ஈரோடு வாசகர்

வேண்டாம். பி.எஸ்.6 புகை விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தள்ள, இன்ஜின் சூடாகி இருபது நிமிடமாவது சீராக ஓட வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் எரிப்பு பாதியில் நின்று, வடிகட்டி அடைபடும்; எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். வாரம் ஒருமுறை பெருந்துறை தாண்டிச் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் 3 சீரீஸ் நீள வண்டியின் டீசலான 320எல்டி (190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர்) அல்லது சி-கிளாஸின் டீசலான சி220டி (சுமார் 200 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர்) தாராளமாக எடுக்கலாம். உங்களுக்கு சி200 பெட்ரோல், இல்லையென்றால் ஏ4. டீசலே எடுத்தால், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும், யூரியா கலந்த ஆட்புளூ திரவத்தை அதன் நீல மூடியில் மட்டும் ஊற்றுங்கள். டீசல் டாங்கில் தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாமல் டோ செய்யச் சொல்லுங்கள்.

ஆன்ரோடு விலையில வரி எவ்வளவுங்க? வண்டி எடுக்கற அன்னைக்கு எதைப் பார்க்கோணுங்க?
– கோவை வாசகர்

2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரகத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், தனி செஸ் கிடையாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இன்சூரன்சில் இன்ஜின் பாதுகாப்பும் டயர்–ரிம் பாதுகாப்பும் சேர்த்தே எடுங்கள்; வேறு எதைக் குறைத்தாலும் இந்த இரண்டைக் குறைக்க வேண்டாம்.

எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025-இன் 23-வது வாரம். நான்கு டயரும் வண்டியின் தயாரிப்பு மாதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பல மாதம் தள்ளி இருந்தால் ஏன் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.