படத்தைப் பார்த்தாலே ஆபத்தா?

வணக்கம். ஹட்டனில் நீங்கள் நடத்தும் கொமியுனிகேஷன் கடையின் விண்டோஸ் 7 கணினிகளில் குரோம் 109ஐத் தாண்டிப் புதுப்பிக்க முடியவில்லை என்றும், ஒரு படத்தைப் பார்த்தாலே தாக்கப்படலாம் என்பது உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

உண்மைதான். 2023 செப்டெம்பரில் தெரியவந்த, சிவிஇ-2023-4863 என்ற பட்டியல் எண்ணுடைய பாதுகாப்புக் குறைபாடு அத்தகையது. வெப்பி (WebP) என்ற வடிவத்தில் சுருக்கப்பட்ட படங்களை விரிக்கும் நிரல், அதற்குப் பயன்படும் ஹஃப்மன் குறியீட்டு அட்டவணைகளுக்கென ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையையும் தாண்டி எழுதிவிடுவதால், அதற்கெனவே திரித்து அமைக்கப்பட்ட படமுள்ள பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், எதையும் சொடுக்காமலே, தாக்குபவரின் கட்டளை இயங்க வாய்ப்புண்டு. கூகுள் அம்மாதம் 11ஆம் திகதி குரோமுக்குத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அவ்வாண்டு பெப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலேயே விண்டோஸ் 7 கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே தடையாக இருப்பது உலாவியன்று, இயங்குதளமே. வைரஸ் தடுப்பு மென்பொருள் அத்திருத்தத்துக்கு ஈடாகாது.

கணினிகளில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் விண்டோஸ் 7க்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பை இலவசமாக நிறுவலாம். மழைக்காலத்தில் நம் மலையக இணைப்பு படுத்தும் பாடு தெரிந்ததே என்பதால், ஒருமுறை பதிவிறக்கிப் பென் டிரைவில் ஏற்றி எல்லாக் கணினிகளிலும் பயன்படுத்துங்கள். நிறுவுமுன் அதிலிருந்தே இயக்கி, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அக்கணினிகளில் வாடிக்கையாளரை வங்கிக் கணக்கிற்குள் நுழைய விடாதீர்கள்.