ஆயிரம் கட்டுரைகளும் 28 கட்டுரைகளும்: துகள் இயற்பியலாளரை மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: நான் திண்மநிலை இயற்பியல் பேராசிரியர், எங்கள் துறையின் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். விண்ணப்பித்துள்ள துகள் இயற்பியலாளர் இருவரில், செர்ன் ஆய்வகத்தின் பெருங்குழு ஒன்றில் பணிபுரிபவருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளும் 140 என்ற எச்-குறியீடும் (அதாவது, தலா 140 மேற்கோள்களாவது பெற்ற 140 கட்டுரைகள்) உள்ளன. கோட்பாட்டாளரான மற்றவருக்கு 28 கட்டுரைகள், எச்-குறியீடு 14. இவர்களை எப்படி ஒப்பிடுவது?

பதில்: இந்த எண்களை வைத்து ஒப்பிடவே முடியாது. முதலாமவரின் எண்கள் உண்மையில் அவர் சார்ந்த குழுவின் எண்கள். உணர்கருவியைக் கட்டியவர், பராமரிப்பவர், மென்பொருள் எழுதியவர், தரவைப் பகுத்தவர் என எல்லாருடைய உழைப்பும் ஒவ்வொரு முடிவிலும் கலந்திருப்பதால், அட்லஸ், சிஎம்எஸ் போன்ற குழுக்களில் தகுதி பெற்ற உறுப்பினர் அனைவரின் பெயரும் அகரவரிசையில் இடம்பெறும். 2015-இல் இவ்விரு குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸ் போசானின் நிறையை அளந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். அதன் 33 பக்கங்களில் ஆய்வு 9 பக்கங்களில் முடிந்துவிடுகிறது, மீதி 24 பக்கங்களிலும் பெயர்களும் நிறுவனங்களும்தான். அதே காலத்தில் அதே குழுவில் சேர்ந்த எவருக்கும் ஏறத்தாழ இதே எச்-குறியீடு இருக்கும்.

மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துவிடலாம் என்று உங்கள் குழுவில் யாரேனும் நிச்சயம் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள்: ஒரு பகுப்பாய்வைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவருக்கும் அதில் கையே வைக்காதவருக்கும் அந்தக் கணக்கு ஒரே பின்னத்தைத்தான் தரும்.

இருவரின் பக்கங்களையும், துகள் இயற்பியல் கட்டுரைகளைத் தொகுக்கும் இன்ஸ்பயர் தரவுத்தளத்தில் திறந்து, பத்து அல்லது அதற்குக் குறைவான ஆசிரியர்கள் கொண்ட கட்டுரைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். சுயமேற்கோள்களை நீக்கும் வசதியும் அங்கேயே உண்டு. கோட்பாட்டாளரின் பட்டியல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சோதனையாளருடையது கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கலாம். குழுவின் தரவைத் தனியே பகுத்துத் தம் பெயரில் வெளியிடும் உரிமை பொதுவாக உறுப்பினருக்குக் கிடையாது என்பதால், இதை அவருடைய குறையாகக் கொள்வது அநியாயம்.

ஆகவே அவரிடமே கேளுங்கள். ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் தாம் செய்ததை ஒரு பத்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள்: தேடும் துகளைப் போலவே தோன்றும் பின்னணி நிகழ்வுகளை மதிப்பிட்டாரா, பதிவுசெய்ய வேண்டிய மோதல்களை உடனுக்குடன் தேர்ந்தெடுக்கும் டிரிக்கரின் திறனை அளந்தாரா, கட்டுரையின் வரைவை எழுதினாரா, துணைக்குழுவை ஒருங்கிணைத்தாரா? உண்மையில் செய்தவர் எந்தப் பிழைவரம்பு தம்மைத் தூங்கவிடவில்லை என்பது வரை எழுதுவார். செய்யாதவரின் பத்தி கட்டுரைச் சுருக்கத்தைத் திருப்பிச் சொல்லும். யார் எதைச் செய்தார் என்பதைக் காட்டும் உள்குறிப்புகள் பெரும்பாலும் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. எனவே பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது அவற்றை நேரில் பார்த்த, அதே குழுவின் மூத்த உறுப்பினரிடமிருந்து வரவேண்டும். மாநாடுகளில் குழுவின் சார்பில் பேசியிருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. அந்த வாய்ப்பைக் குழுதான் வழங்குகிறது.

கோட்பாட்டாளர் விஷயத்தில், உங்கள் துறையின் வழக்கப்படி முதல் ஆசிரியர் யார் என்று தேடாதீர்கள், இங்கும் அகரவரிசைதான். மேற்கோள்களின் காலத்தையும் கவனியுங்கள். மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைத்து ஸ்டீவன் வைன்பெர்க் 1967-இல் எழுதிய கட்டுரையை, அத்தகைய கோட்பாடுகளில் முரணின்றிக் கணக்கிட முடியும் என்ற ஜெரார்ட் டூஃப்ட்டின் நிறுவல் 1971-இல் வரும்வரை மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலரே. மாறாக, 2015 டிசம்பரில் செர்ன் தரவில் 750 ஜிஇவி (துகள் இயற்பியலின் ஆற்றல் அலகு) அருகே தென்பட்ட, புதிய துகளோ என்று எண்ணவைத்த ஒரு மேட்டை விளக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அந்த மேடே மறைந்தது, ஆனால் அவை ஒன்றையொன்று காட்டிய மேற்கோள்கள் இன்றும் கணக்கில் நிற்கின்றன. 28 கட்டுரைகளில் எவை ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதே எனக்கு எச்-குறியீட்டைவிட அதிகம் சொல்கிறது.

நிர்வாகப் படிவம் எண்ணைக் கேட்டே தீருமானால், பெருங்குழுக் கட்டுரைகளையும் மற்றவற்றையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தராதீர்கள்.