சாலமன் தீவுக் கொம்புத் தவளை: கேள்வி பதில்

கேள்வி: சார், யூடியூபில் பாக்மன் தவளை பார்த்தேன். சாலமன் தீவுக் கொம்புத் தவளையும் அதுவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. பாக்மன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. மலேசியக் காடுகளில் இருக்கும் கொம்புத் தவளை இன்னொரு குடும்பம். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சாலமன் தீவுடையது மூன்றாவது. மூன்றுக்குமே கொம்பு என்பது கண்ணிமைக்கு மேல் நீண்டு நிற்கும் தோல்தான். சருகுக்குள் அசையாமல் உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கிற பிழைப்பு ஒன்று என்பதால் சாயலும் ஒன்றாகிவிட்டது.

கேள்வி: இதன் அறிவியல் பெயர் பழைய புத்தகத்தில் செரட்டோபட்ராக்கஸ் குந்தரி, இப்போது கார்னுஃபர் குந்தரி. எது சரி?

பதில்: இரண்டாவது. லார்க் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் மருத்துவர் கப்பி என்பவர் பிடித்துக் கொடுத்த தவளைகளைப் பார்த்து, 1884இல் பூலஞ்சர் என்ற விலங்கியலாளர் முதல் பெயரை வைத்தார். கீழ்த்தாடையில் பல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. தவளைக்குக் கீழ்ப்பல் என்பது அபூர்வம், அதனால் தனிப் பேரினம் போதாதென்று தனிக் குடும்பமே கொடுத்துவிட்டார்.

2015இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால், கொம்பே இல்லாத தரைத் தவளைகள் பலவற்றுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது இது. பிரித்து வைக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே பேரினமாக்கும்போது மூத்த பெயர்தான் நிற்கும். கார்னுஃபர் 1838இலேயே வைத்த பெயர். வேடிக்கை பாருங்கள், பழைய கிரேக்கப் பெயருக்கும் கொம்பு, புதிய லத்தீன் பெயருக்கும் கொம்பு! குடும்பத்துக்கு மட்டும் இன்னும் பூலஞ்சர் வைத்த பெயர்தான்.

கேள்வி: பப்புவா நியூ கினியிலும் உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு, ஆனால் பூகன்வில், பூகா தீவுகளில். நாடு பப்புவா நியூ கினி என்றாலும் அவை சாலமன் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு முனை. பனியுகத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது பூகா, பூகன்வில், சாய்சல், இசபெல் எல்லாம் ஒரே நிலமாகக் கிடந்தன. தவளைக்கு எல்லைக்கோடு எங்கே தெரியும்?

கேள்வி: அண்ணா, ஒரு படத்தில் மஞ்சள், இன்னொன்றில் பழுப்பு. இரண்டு இனமா?

பதில்: ஒரே இனம்தான். சருகு என்ன ஒரே நிறத்திலா கிடக்கிறது?

கேள்வி: குட்டை இல்லாத காட்டில் தலைப்பிரட்டை எங்கே வளரும்?

பதில்: தலைப்பிரட்டையே கிடையாது. ஈர மண்ணில் சிறு குழிக்குள் முட்டையிடும். குஞ்சு முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் புதர்த் தவளைகள் பல இப்படித்தான். அதற்காக இங்கேயும் சொந்தம் தேடாதீர்கள், அவை வேறு குடும்பம்.