லில்லி ஆஃப் த வேலி சென்ட்டில் அந்தப் பூ இருக்கிறதா? ஏன் சீக்கிரம் மறைகிறது?

பூ இல்லை. மல்லிகையிலிருந்து கரைப்பான் வைத்து வாசனையைப் பிரித்தெடுக்கலாம். இந்தச் சின்ன வெள்ளை மணிப்பூவிலிருந்து விற்கும் அளவுக்கு எண்ணெய் வராது. அதனால் சென்ட்டில் இருப்பது முழுக்கக் கலவைதான். முதுகெலும்பு, ஹைட்ராக்ஸிசிட்ரோனெலால் என்ற செயற்கைப் பொருள்: ஈரமான, லேசாக இனிக்கும், சோப்புச் சாயலுள்ள வாசனை. 1956-இல் பிரெஞ்சு வாசனைக் கலைஞர் எட்மோன் ரூட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காகச் செய்த 'டியோரிஸிமோ' சென்ட் இந்த வகையின் உச்சம். பூவோடு இலை, தண்டின் பச்சை வாடையும் அதில் வரும். பழைய பாட்டிலும் புதியதும் ஒரே மாதிரி இல்லை என்று ரசிகர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. ஹைட்ராக்ஸிசிட்ரோனெலாலுக்கு ஒவ்வாமை காரணமாக அளவுக் கட்டுப்பாடு. இதே வாசனைக்குப் பயன்பட்ட லிலியால் என்ற இன்னொரு செயற்கைப் பொருளை 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டது.

சீக்கிரம் மறையக் காரணம், அடியில் பிடித்து நிறுத்தும் சந்தனம், அம்பர் போன்ற கனமான பொருட்கள் குறைவாக இருப்பது. அவற்றைக் கூட்டினால் நிற்கும், ஆனால் மென்மை போய்விடும். வறண்ட தோலில் இன்னும் வேகமாகப் போகும். முதலில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, மேலே இரண்டு ஸ்ப்ரே அடியுங்கள். பருத்தித் துணியில் இன்னும் நேரம் நிற்கும். வெள்ளைத் துணியானால் ஓரத்தில் அடித்துக் கறை பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் அடித்தவுடன் முடிவெடுக்காதீர்கள், அரை மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகருங்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் பாட்டிலை வைத்தால் வாசனை கெடும்.